பெட்டிக்கு வெளியே ஓடிய கம்ப்யூட்டர்

பாளையங்கோட்டையில் பர்வீன் டீச்சர் நடத்திய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்தபோது தேவசகாயத்துக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. டீச்சர் அவரைவிட மிகவும் இளையவர்.

சேர்ந்த அன்றே தேவசகாயம் கேட்டார்.

"வீட்ல பாகங்களை வாங்கிச் சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் பூட்டினோம் டீச்சர். என் மக ஷீபா கையை வெச்சுக் கெடுத்துட்டா. ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. எப்படிச் சரி பண்றது?"

"இதுல ரெண்டு விஷயம் இருக்கு சார். ஒண்ணை மட்டும் கேளுங்க."

"எந்த ஒண்ணை?"

டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வீட்டில் நடந்தது இதுதான். ஷீபா பிளஸ் டூ முடித்திருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த விடுமுறையில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து வாங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவசகாயம் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தார். பாகங்களைப் பொருத்த வேண்டிய வெறும் தகட்டுப் பெட்டியையும் அவரே தயார் செய்தார். பிறகு வந்த ஷீபா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை அதன் இடத்தில் உட்கார வைத்தாள். எல்லாம் பூட்டி முடித்துப் பட்டனை அழுத்தினார்கள். விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார்கள். மறுபடியும் அதேதான்.

தேவசகாயம் நில அளவைத் துறையில் இருந்தவர். தன் கை தப்புச் செய்யும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"நான் வைக்கிறேன்னு சொன்னேன்ல? கேட்டியா? நீ தொட்டாலே இப்படித்தான்" என்றார்.

ஷீபா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கல்லூரியில் சேரும் நேரம் வந்தபோது பி.காம். போதும் என்றாள்.

"ஏம்மா?"

"எனக்கு அதெல்லாம் வராதுப்பா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பெட்டி படுக்கையோடு அவளைச் சென்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ரயிலில்தான் அந்தப் பதில் அவரைக் குத்தியது. வீட்டுக்கு வந்ததும் ஓடாத கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. அதன்மேல் துணியைப் போட்டு மூடினார். பிறகு வகுப்பைத் தேடி வந்தார்.

வகுப்பில் டீச்சர் அவருக்குப் பிறருடைய பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்தார். தூசி தட்டுவது, கழற்றுவது, பூட்டுவது என்று நாட்கள் போயின. ஒரு நாள் அவர் மறுபடியும் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"ஸ்டார்ட் ஆகாத மெஷினை எப்படிச் சரி பண்றது டீச்சர்?"

"நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் பெட்டியைத் திறந்து வைத்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"பிராசஸரை என் மகதான்..."

"யாருன்னு கேட்கலை சார். என்ன ஆச்சுன்னு கேட்டேன்."

தேவசகாயம் கொஞ்சம் யோசித்தார். "விசிறி ஒரு சுத்து சுத்தும். அப்புறம் நின்னுடும்."

"மதர்போர்டைப் பெட்டியிலேருந்து வெளியே எடுங்க. மேசையில இருக்கிற அந்த அட்டை மேல வைங்க. பிராசஸர், அதோட விசிறி, ஒரே ஒரு மெமரி ராம். இது போதும். மத்ததையெல்லாம் கழட்டிடுங்க."

"பிராசஸரையும் கழட்டிப் பார்த்துடலாமே?"

"அது உங்க மக வெச்சபடியே இருக்கட்டும்."

மின்சார வயர்களை மாட்டி, மானிட்டரை இணைத்தார்கள். டீச்சர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் போர்டின் ஓரத்தில் பட்டன் வயர் மாட்டும் இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டார். விசிறி சுற்றியது. நிற்கவில்லை. சின்னதாக ஒரு பீப் ஒலி. மானிட்டரில் எழுத்துகள் வந்தன.

தேவசகாயம் அந்த எழுத்துகளைப் படிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்போ பிராசஸர்?"

"நல்லா உட்கார்ந்திருக்கு."

"அப்போ கோளாறு எங்கே?"

டீச்சர் வெறும் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். போர்டு பெட்டியின் தகட்டில் படாமல் இருக்க, இடையில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் போல ஸ்டட்கள் முறுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் நேரா போர்டுல ஓட்டை இருக்கான்னு பாருங்க."

அவர் போர்டை மேலே பிடித்துக் குனிந்து பார்த்தார். ஒன்றுக்கு மட்டும் நேராக ஓட்டை இல்லை. அந்த ஸ்டட் போர்டின் அடியில் ஈயம் வைத்த இடத்தைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

"கரண்டு அது வழியா பெட்டிக்குப் போயிடுது. மெஷின் தன்னைக் காப்பாத்திக்க நின்னுடுது" என்றார் டீச்சர். "இது எதுக்கு இங்கே?"

"போர்டு ஆடாம உறுதியா இருக்கட்டும்னு..." அவர் குரல் இறங்கியது. "நான்தான் போட்டேன்."

"அப்போ ஷீபா?"

"அவ அப்பதான் எழுந்து பல் தேய்ச்சிட்டு இருந்தா."

ஸ்டட்டை அவரே கழற்றினார். விரல் இரண்டு தடவை வழுக்கியது. போர்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பட்டனை அழுத்தினார். ஓடியது. அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போயிற்று.

போனை எடுத்து மகளை அழைத்தார்.

"ஷீபா, மெஷின் ஓடுதும்மா."

"அப்படியாப்பா?" அவள் குரல் டீச்சருக்கும் கேட்டது. "நான் வெச்சதுதான் சரியில்லையா?"

தேவசகாயம் டீச்சரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"ஏதோ சின்னக் கோளாறும்மா. இப்ப அதெல்லாம் எதுக்கு? விடு."

போனை வைத்தார். டீச்சர் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தார். மானிட்டர் இருண்டது.

"ஏன் டீச்சர்? நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"

"கோளாறு என்னன்னு சொல்லாம நான் யாருக்கும் மெஷினைத் திருப்பிக் கொடுக்கிறது இல்லை சார்."

தேவசகாயம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடி ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பேசினார். நிறுத்தினார். மறுபடி பேசினார். உள்ளே வந்தபோது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்திருந்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர். கோளாறு என்னோடதுன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"‘பி.காம். சேர்ந்தாச்சேப்பா’ன்னா. அவ்வளவுதான்."

டீச்சர் கழற்றிய ஸ்டட்டை எடுத்து ஒரு டப்பாவில் போட்டார்.

"அன்னிக்கு ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருந்தா, இன்னிக்கு அவ நினைச்ச படிப்பைப் படிச்சிட்டு இருப்பா. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? என்னைத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை."

"வேற எதுவுமே சொல்லலையா?"

"சொல்லலை. வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"கரண்டு அது வழியா போகுதுன்னா விசிறி சுத்தவே கூடாதே, ஒரு சுத்து மட்டும் எப்படிச் சுத்திச்சுன்னு கேட்டா."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு எங்கே தெரியும் டீச்சர்? அதைப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம் பேசுறேன்னு வெச்சிட்டேன்."

டீச்சர், மேசையில் அவர் வைத்திருந்த போனை அவர் பக்கம் தள்ளினார்.

"தெரியலைன்னே சொல்லுங்க சார். அவங்க கண்டுபிடிச்சு உங்களுக்குச் சொல்லட்டும்."