நாச்சிமுத்து போட்ட மெட்டி

"இதுக்கு மேல என்னால ஆகாதுங்க அம்மணி" என்று பன்னிரண்டாவது செம்பு வளையத்தையும் மேசைமேல் போட்டார் நாச்சிமுத்து.

நகைப் பட்டறைக்காரி சிவமங்கை திரும்பவில்லை. கொட்டாங்குச்சித் தோடு ஒன்றின் ஓரத்தைப் பெல்ட் சாண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன மிஷின்தான். இரண்டு விரல் அகல உப்புத்தாள் பெல்ட் விர்ரென்று சுற்றும். நாமெல்லாம் ஒரு பொருளை அதில் வைத்தால் அது அலறும். அவள் வைத்தால் லேசாக முனகும், அவ்வளவுதான். அடேயப்பா, என்ன கை அது!

நாச்சிமுத்துவும் லேசுப்பட்டவர் இல்லை. பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபிட்டர். வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தைந்து. ஆனாலும் அந்தப் பட்டறையில் அவள்தான் குரு. அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

வந்த காரியம் இதுதான்.

அவர் மனைவி அருக்காணிக்கு முட்டி ஆபரேஷன். கால் வீங்கிப்போனதால் வலது கால் மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் வீக்கம் முழுசாக வடியவில்லை. விரலைத் தொட்டாலே துடித்துப்போவாள். நடந்தால்தான் முட்டி மடங்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டார். ஆனால் மெட்டி இல்லாத காலோடு உள்ளறையை விட்டு வரமாட்டேன் என்று கிடந்தாள்.

"புதுசு வாங்கித் தர்றேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"அது நீங்க போட்ட மெட்டி. நீங்களே சரி பண்ணிக் கொண்டாங்க" என்றுவிட்டாள்.

சிவமங்கை துண்டு வெள்ளி சேர்த்துப் பத்தவைத்து மெட்டியைப் பெரிதாக்கிவிட்டாள். ஓரம் தேய்க்கிற வேலையை மட்டும் அவருக்கே விட்டாள். வெள்ளியோ மெல்லிசு. பெல்ட் ஒரு வாய் கூடுதலாகத் தின்றால் மெட்டியே போச்சு. அதனால்தான் முதலில் செம்பு.

"எங்க தப்புன்னாவது சொல்லுங்க. ரெண்டு பக்கமும் அளந்தாச்சு. ஒரு நூல் வித்தியாசம் இல்ல. பளபளப்புல மொகம் தெரியுது பாருங்க!"

அவள் எடுத்துப் பார்த்தாள். "ஆமாங்ணா, தெரியுது."

"அப்ப வெள்ளிய எடுக்கலாமில்லீங்க?"

சிவமங்கை மிஷினை நிறுத்தினாள்.

"செருப்பக் கழட்டுங்ணா."

"எதுக்குங்க?"

வளையத்தை அவர் கையில் கொடுத்து, அவர் காலைக் காட்டினாள்.

"அட கருமமே! ஆம்பள மெட்டி போடறதா?"

அவர் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், முனகிக்கொண்டே மாட்டினார். வீங்கிய விரலுக்கு அளவெடுத்தது, அவர் விரலுக்குக் கச்சிதமாக இருந்தது.

"முக்குக் கடையில ஒரு டீ வாங்கிட்டு வாங்க. மெதுவா நடந்தே போங்க."

டீக்கடையில் நாலு பேர் பார்த்தார்கள். "என்னண்ணா, கால்ல ஒரு மாதிரி மினுங்குது?" என்று ஒருத்தன் கேட்டே விட்டான். "உனக்குக் கல்யாணம் ஆனாத் தெரியும் போ" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வரும்போது நொண்டினார்.

டீயை வைத்துவிட்டு, உட்கார்ந்து வளையத்தைக் கழற்றினார். விரலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

"ஓரம் அரிவாளா அறுக்குதுங்க அம்மணி."

"வெர்னியர்ல தெரியலீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "இதையா அவ கால்ல மாட்டப் பாத்தேன்?" என்றார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

சிவமங்கை மிஷினைப் போட்டாள். பெல்ட்டுக்குப் பின்னால் தகடு இருக்கும் இடத்தில்தான் அவர் இத்தனை நாளும் தேய்த்தது. அவள் விரல் அதற்கு மேலே காட்டியது. அங்கே தகடு இல்லை. பெல்ட் கொஞ்சம் தொய்வாக ஓடியது.

அவர் வளையத்தைக் குறடால் பிடித்து, சாய்த்து அங்கே வைத்தார். பெல்ட் வளைந்து கொடுத்தது. கூர் மழுங்கி, ஓரம் உருண்டு வந்தது.

குறடைக் கீழே வைத்தார். வெறும் விரலால் பிடித்தார். சுட்டதும் தண்ணீரில் முக்கினார், மறுபடி வைத்தார். பிறகு அதைக் காலில் மாட்டிக்கொண்டு அவராகவே டீ வாங்கக் கிளம்பினார்.

நாலு நாள் இதே வேலை. டீக்கடையில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் அவர் கேட்காமலே சிவமங்கை வெள்ளி மெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் பெல்ட்டில் உருட்டினார். போதும் என்று எடுத்துவிட்டார். அளக்காமலே அவர் நிறுத்திய இடத்தைப் பார்த்து, கைவேலையை அப்படியே வைத்துவிட்டு வாய் பிளந்து நின்றாள் குரு.

"சரியா வந்திருச்சுங்களா அம்மணி?"

"எங்கிட்ட ஏனுங்ணா கேக்கறீங்க? ஊட்டுக்குப் போங்க."

அருக்காணி கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து தரையில் குத்தவைத்து, அவள் காலை மடியில் ஏந்தினார். மெட்டியை மாட்டினார். கையை எடுத்தார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

"இன்னும் என்னங்க பண்றீங்க? போடறதச் சட்டுனு போட்டுத் தொலைங்களேன்!"