பின்சீட்டு டீச்சர்

மாவட்டச் சைக்கிள் பந்தயத்தில் நான்கு வருடம் முதலிடம் வாங்கிய தனக்கோடிக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு குரு வாய்த்தாள். பெயர் பவளக்கொடி. வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே பார்வை கிடையாது.

பார்வையற்றவர்களைச் சைக்கிளில் ஏற்காட்டுக்கு ஏற்றிப் போகும் சங்கம் ஒன்று சேலத்தில் இருந்தது. சைக்கிள் நீளமானது, இருவர் மிதிப்பது. பார்வை உள்ளவர் முன்சீட்டில். ஹேண்டில்பாரும் பிரேக்கும் கியரும் அவர் கையில். பார்வையற்றவர் பின்சீட்டில். இருவர் பெடலும் ஒன்றாகவே சுற்றும்.

முன்சீட்டுக்கு யார் லாயக்கு என்பதைப் பின்னால் உட்கார்ந்தே பவளக்கொடி முடிவு செய்வாள். அவள் சரி என்று சொல்லாமல் எந்தக் கொம்பனும் இன்னொருவரை ஏற்றிப் போக முடியாது.

தனக்கோடியின் மனைவி கமலவேணிக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய் இரண்டு வருடம். அவளை மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பவளக்கொடியோ அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள். அலமாரியில் நான்கு கோப்பை வைத்திருக்கும் மனிதருக்கு இது எப்படிப் பொறுக்கும்?

மூன்றாம் முறை மலையடிவாரத்தில் மார்தட்டினார்.

"இன்னைக்குப் பாருங்க டீச்சர். இருபது வளைவும் நிக்காம ஏத்தறேன்."

"சரிங்கண்ணா."

முதல் வளைவில் ஏற்றம் கனத்ததும் சட்டென்று கியரை மாற்றினார். செயின் டக்கென்று குதித்தது. பின்னால் ஏதோ இடித்த சத்தம் கேட்டது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. போங்க."

மூன்றாம் வளைவிலும் அதே சத்தம். ஐந்தாம் வளைவில் பலங்கொண்ட மட்டும் மிதித்தபடியே மாற்றினார். செயின் கழன்றே போனது. சைக்கிள் தள்ளாடிப் பின்னால் சரிந்தது. கீழிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கியது. ஓரச் சுவரில் காலை ஊன்றி எப்படியோ நிறுத்தினார்.

இறங்கித் திரும்பியவருக்குப் பகீரென்றது. பவளக்கொடியின் காலில் முழங்காலுக்குக் கீழே ரத்தம்.

"பெடல் அடிச்சுதா? சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

பவளக்கொடி வாய்விட்டுச் சிரித்தாள்.

"எந்தக் கியர் எதுக்குன்னு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்," என்றார் அவர் ரோஷமாக. "என்கிட்ட என்னதான் குறை?"

அவள் செயினை மாட்டச் சொன்னாள். பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டு போடச் சொன்னாள். தன் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டிப் பின்சீட்டில் உட்கார வைத்தாள். முன்சீட்டில் தான் ஏறிக்கொண்டாள்.

"மிதிங்க."

மிதித்தார். அவள் பின்பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தினாள். பெடல் மலையேற்றம் போலக் கனத்தது. இன்னும் பலமாக மிதித்தார். அவள் கியரைத் தட்டிவிட்டாள்.

காலுக்கடியில் பெடல் காணாமல் போனது. நழுவிய காலைத் தேடுவதற்குள் சுற்றி வந்த பெடல் எலும்பிலேயே அடித்தது.

"அம்மா!"

"மிதிங்க."

மறுபடி அதே இடத்தில் அடி. மூன்றாம் முறை எப்போது விழுமோ என்று பயந்து பயந்து மிதித்தார். விழுந்தது.

"மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

கத்தியது தன் வாய்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கமலவேணியின் கையைப் பிடித்துத் தினமும் விறுவிறுவென்று நடத்திப் போகிறார். படி வருகிறது என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறார்? வெட்கமாக இருந்தது. துப்பட்டா நனைந்தது.

பவளக்கொடி இறங்கிவந்து கட்டை அவிழ்த்தாள். "போலாங்களா?"

ஆறாம் வளைவு வருமுன்னே, பெடல் லேசாகச் சுற்றும்போதே, "டீச்சர், மாத்தறேன்," என்றார். இரண்டு பேர் காலும் தளர்ந்தன, ஆனால் நிற்கவில்லை. கியர் விழுந்ததே தெரியவில்லை. அதன்பின் ஒவ்வொரு முறையும் சொன்னார். பதினைந்தாம் வளைவில் ஒரு காரைக்கூட முந்தினார்கள். அது மேட்டில் திணறிக்கொண்டிருந்த கார்தான், இருந்தாலும் முந்தியது முந்தியதுதான்.

உச்சியில் சங்கத்தார் கைதட்டினார்கள். நான்கு கோப்பைகளுக்கும் சேர்த்து விரியாத நெஞ்சு தனக்கோடிக்கு அன்று விரிந்தது.

டீக்கடைக்காரர் அவரிடம் வந்தார். "பாவம், கண்ணு தெரியாத புள்ளைய ஒத்தை ஆளா இழுத்துட்டு வந்துட்டீங்களே சார்!"

"இழுத்துட்டா? அவங்க மிதிக்கலேன்னா பாதி மலையிலயே நான் படுத்திருப்பேன்யா!"

பவளக்கொடி ராணி மாதிரி நிமிர்ந்து நின்று டீ குடித்தாள். அவளுக்கு அது இருபத்தேழாவது ஏற்றம்.

"டீச்சர், ஆறாம் வளைவுலேர்ந்து கியரை எத்தனை தடவை மாத்தினேன்?"

"நாப்பத்தொண்ணு. நாப்பது தடவை சொன்னீங்க."

அவர் முகம் விழுந்தது. "எதை விட்டேன்?"

"பத்தொன்பதாம் வளைவு. ஊர் தெரிஞ்ச சந்தோஷத்துல துள்ளினீங்க. அது என் சீட்டு வரைக்கும் வந்துச்சு. நானே காலைத் தளர்த்திட்டேன்."

தனக்கோடிக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே சொல்லவே வேண்டாம் போலிருக்கே!"

பவளக்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்க பின்னாடி உக்காரப்போறது கமலவேணி அக்கா. அவங்களுக்கு நாப்பத்தொண்ணும் சொல்லுங்க."