மலை கொட்டிய 'ம்'

மலையிலிருந்து இறங்கி மடத்துக்குத் திரும்பிய சீடன் கோளப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போன காரியம் அவ்வளவு ஜோராக முடிந்திருந்தது.

மேல்பள்ளத்தில் அணை கட்ட வேண்டும் என்று மன்னருக்கு ஆசை. கட்டினால் காலங்காலமாக அங்கே வாழும் மலைக்குடிகளின் வீடுகள், தேன் எடுக்கும் மரங்கள், முன்னோரைப் புதைத்த மேடு எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். "அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என மடத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். பதில் வாங்காமல் போவதில்லை என்று அந்த ஆள் வாசலிலேயே நின்றான்.

குரு வெள்ளியம்மை பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, கேட்டியா?"

"கேட்டேம்மா! அணை, வாய்க்கால், கீழே கட்டித்தரப்போற புது வீடு, எல்லாத்தையும் விலாவாரியா சொன்னேன். ஒருத்தர்கூட மறுக்கலை. நான் சொல்லச் சொல்ல ஊரே 'ம்', 'ம்'னுச்சு. வாசல்ல நிக்கிறவர்கிட்ட சம்மதம்னு சொல்லிடவா?"

"என்ன அவசரம்? உட்காரு, ஒரு கதை சொல்றேன்."

கதை என்றால் கோளப்பனுக்கு உயிர். சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு மடத்துல ஒரு சீடன் இருந்தான்."

"ம்."

"அவனுக்குத் தன் குடுமின்னா அப்படி ஒரு பெருமை. எண்ணெய் என்ன, சீப்பு என்ன!"

கோளப்பன் சிரித்தபடி தன் குடுமியைத் தடவிக்கொண்டான். "ம்ம்."

"ஒரு நாள் அந்தக் குடுமியை வெட்டிடலாம்னு குரு நினைச்சாங்க."

"ம்."

வெள்ளியம்மை எட்டி அவன் குடுமியைப் பிடித்தார். மறு கையில் பாக்குவெட்டி வாயைப் பிளந்தது.

"ஐயையோ! என்னம்மா இது?"

"நீதானே 'ம்'னு சொன்னே?"

"அது கதைக்குக் கொட்டின 'ம்'ம்மா! கேட்டுக்கிட்டிருக்கேன், மேலே சொல்லுங்கன்னு அர்த்தம். வெட்டுங்கன்னா சொன்னேன்?"

சொல்லி வாய் மூடவில்லை, அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. மலையில் அவன் பேசி முடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் ஒரு கிழவர் பேசத் தொடங்குவதுபோல் தொண்டையைச் செருமினார். இவனோ கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பயப்படாதே, குடுமி போனா முளைச்சுடும்" என்று குரு சிரித்துக்கொண்டே கையை எடுத்தார்.

"இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?"

"வாசல்ல நிக்கிற பிள்ளைக்கு மோர் கொடுத்து, பொறுத்திருக்கச் சொல்லு. நீ திரும்ப மலையேறு. இந்தத் தடவை கதையை அவங்க சொல்லட்டும். 'ம்' கொட்டுற வேலை உனக்கு."