மேஜைக்குள் கிடந்த விண்ணப்பம்

"மிஸ்யே, என்னை ஏன் கீழ் வகுப்புக்கு அனுப்புறீங்க?"

பிரெஞ்சு ஆசிரியர் பெர்னார் கரும்பலகையை அழித்துக்கொண்டே சொன்னார். "ஏ2-வில் போய் உட்காருங்க எமில்டாக்கா."

எமில்டாவுக்கு வயது நாற்பத்தாறு. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். பிரெஞ்சுத் தேர்வில் ஏ1, ஏ2, பி1 என்று மூன்று படி ஏறிவிட்டாள். நான்காவதான பி2-வில் இரண்டு முறை விழுந்தாள். அதைத் தாண்டினால்தான் பிரான்சில், மர்சேயில் வேலை. ஆறு வருஷமாக அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடும் கணவரோடு ஒரே வீடு.

பெர்னார் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவரிடம் படித்தால் தேறிவிடலாம் என்று யாரோ சொல்லித்தான் வந்தாள்.

"சரி மிஸ்யே" என்று போய் உட்கார்ந்தாள். கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து, "என் பெயர் எமில்டா, எனக்கு மீன் பிடிக்கும்" என்று சொன்னாள்.

மறுவாரம் பி2 வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுடைய நாற்காலியில் பிளாண்டின் இருந்தாள். பெர்னாருக்கு மச்சினி.

அன்றிலிருந்து எமில்டாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவர் போனில் சிரித்தால், தன்னைப் பற்றித்தானோ? அவள் வந்ததும் மேஜை இழுப்பறையை மூடினாரே, அதில் என்ன?

"என் பி2 தேர்வு விண்ணப்பத்தை அனுப்பிட்டீங்களா மிஸ்யே?"

"பார்க்கலாம்."

"சரி மிஸ்யே."

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தைய தினம். வகுப்பு கலைந்தபின் எமில்டா இழுப்பறையைத் திறந்தாள். சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில், மூன்று வாரம் முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்த அவளுடைய விண்ணப்பம். பிளாண்டினுடையது அங்கே இல்லை; அது மட்டும் போய்விட்டது போல.

"என்ன தேடுகிறீர்கள்?"

வாசலில் பெர்னார். கேட்டது பிரெஞ்சில்.

அவளும் பிரெஞ்சிலேயே திருப்பிக் கொடுத்தாள். "உங்கள் நேர்மையைத் தேடுகிறேன். என் இடத்தை மச்சினிக்குக் கொடுத்துவிட்டீர்கள்."

"அவள் உங்களைவிட நன்றாகப் பேசுகிறாள்."

"வேகமாகப் பேசுகிறாள். நன்றாக என்று யார் சொன்னது?"

"இரண்டு முறை விழுந்தவரை மறுபடி அனுப்புவது வீண்."

"விழுந்தது நான். வீணா இல்லையா என்று சொல்ல வேண்டியதும் நான்."

"இந்த வயதில் அங்கே போய் மருத்துவர்களுக்கு எப்படி ஈடுகொடுப்பீர்கள்?"

"இருபத்திரண்டு வருஷம் ஈடுகொடுத்துவிட்டேன். தப்பான மருந்தளவு எழுதியவரிடமும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து இன்னொரு மருத்துவரைத் தேடி ஓடியிருக்கிறேன். இனி முகத்துக்கு நேராகச் சொல்வேன்."

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. நடுவில் ஒரு வினைச்சொல் தடுமாறியது. அதைத் தாண்டிக்கொண்டு போனாள். மேஜையில் கை ஊன்றி, அவர் சொன்னதில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

பெர்னார் கடிகாரத்தைப் பார்த்தார். தமிழுக்கு வந்தார்.

"எமில்டாக்கா, போன தடவை வாய்மொழித் தேர்வுல என்ன ஆச்சு?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் சொன்ன கருத்தைத் தேர்வு எடுத்தவர் மறுத்துப் பேசினார். நீங்க சொல்றதுதான் சரின்னுட்டேன். ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு."

"இப்ப இருபது நிமிஷம் ஆச்சு. நீங்க இப்படி எதிர்த்துப் பேசணும்னுதான் இவ்வளவும்."

எமில்டா அவரைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தை. இவ்வளவு நேரம் எந்த மொழியில் பேசினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெர்னார் விண்ணப்பத்தை எடுத்துத் தூசி தட்டினார். "நாளைக்குக் காலையில நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

எமில்டா கையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றாள், பிரெஞ்சில். "நானே கொடுத்துக்கொள்கிறேன்."