ஃபாதர் சீரியஸ்

கோமளவல்லி அம்மாளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பெர்க்மான்ஸ் சாருக்கு இருபத்தெட்டு.

தஞ்சாவூரில், ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் வகுப்பு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த ஏழெட்டுப் பேர் வருவோம். எல்லோருமே வேலையில் இருந்தவர்கள். நான் மின்வாரியம். கோமளவல்லி அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க். வருஷம் 1987.

கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டே இருப்பார்கள். இன்றைக்கும் எங்காவது பம்புச் சத்தம் கேட்டால் எனக்கு மெட்டஃபர் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அந்தப் பருவத்தில் ஆங்கில அணிகள் பாடம். கோமளவல்லி அம்மாள் ஒரு நீள நோட்டுப் போட்டிருந்தார். இடப்பக்கம் ஆங்கிலப் பெயர், வலப்பக்கம் தமிழ். சிமிலி என்றால் உவமை. மெட்டஃபர் என்றால் உருவகம். ஹைப்பர்பொலி என்றால் உயர்வு நவிற்சி. கடைசிச் சொல்லை நாங்கள் எல்லோரும் ஒரு மாதம் ‘ஹைப்பர்போல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். சார் சிரிக்காமல் திருத்தினார்.

அம்மாளுக்குப் பாடம் பிடித்துப் போயிற்று. போகிற வருகிற பேச்சில் எல்லாம் அணி தேடினார்.

“எங்க ஹெட்மாஸ்டர் ‘ஆயிரம் தடவை சொல்லிட்டேன்’கிறார் சார். ஹைப்பர்பொலி. சொன்னது ரெண்டு தடவை.”

சார் தலையாட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யூஃபமிசம் நடந்தது. கடுமையான ஒன்றை மென்மையாகச் சொல்வது என்று விளக்கிவிட்டு, “எங்கே, ஒருத்தர் உங்க வார்த்தையில சொல்லுங்க” என்றார் சார்.

கோமளவல்லி அம்மாள் எழுந்தார்.

“நாகரிகமாச் சொல்ற பொய், சார்.”

குரல் வழக்கம்போல் இல்லை. சார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உட்காரச் சொன்னார். பாடம் தொடர்ந்தது.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். என் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

“யார் சொன்ன பொய்ம்மா?” என்று கேட்டார் சார்.

“எங்க அண்ணன்.”

அம்மாள் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது அவர் பம்பாயில் இருந்தார். கணவருக்கு அங்கே மில்லில் வேலை. ஒருநாள் காலை திருவாரூரிலிருந்து தந்தி வந்தது. அண்ணன் தியாகேசன் கொடுத்தது. ‘ஃபாதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.’

“ரெண்டு ராத்திரி ஒரு பகல் சார், ரயில்ல. பிழைச்சுக்குவார், பிழைச்சுக்குவார்னே வந்தேன். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு முடி காணிக்கை தர்றேன்னு வேண்டிக்கிட்டேன். திருவாரூர்ல இறங்கினா, வண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்கல. தோள்ல இருந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டார். வண்டிக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல.”

“அப்பா?”

“தந்தி குடுக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டார். ஐஸ் வச்சிருந்தாங்க. ஊரே எடுத்துடலாம்னு சொல்லுச்சாம். தங்கச்சி வரணும்னு அண்ணன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாராம். இருக்கட்டும். என்கிட்ட ஏன் பொய்? அன்னிக்கு விட்டேன் பேச்சை.”

“இப்போ எதுக்கு ஞாபகம்?”

“அவர் மகளுக்குக் கல்யாணம். வர்ற வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கே வந்து பத்திரிகை வச்சார். நான் உட்காருன்னுகூடச் சொல்லல.”

“போகப் போறீங்களா?”

“இல்ல.”

சார் சாக்குக்கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நீங்கதான் உங்க அண்ணன். தந்தி ஆபீஸ்ல நிக்கிறீங்க. பொய் இல்லாம எழுதுங்கம்மா.”

அம்மாள் யோசிக்கவே இல்லை. பலகையில் ஆங்கிலத்தில் வேகமாக எழுதினார். ‘ஃபாதர் டெட்.’

“அன்னிக்கு பம்பாயில தந்தியை யார் கையில வாங்கினாங்க?”

“நான்தான்.”

“வீட்ல அப்போ யார் இருந்தாங்க?”

“யாருமில்ல. வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பையனுக்கு மூணு வயசு. இடுப்புல இருந்தான்.”

“சரி. குழந்தையோட நிக்கிற அவங்க கையில இதைக் குடுங்க.”

அம்மாள் பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு ‘டெட்’ என்பதைக் கையாலேயே அழித்தார். ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதினார். அதையும் அழித்தார். ‘நோ மோர்’ என்று தொடங்கினார். முடிக்கவில்லை. புடவைத் தலைப்பில் சாக்குத்தூள் அப்பியிருந்தது.

“வேற எழுதுங்க.”

“வரல சார்.”

சார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கீழே பம்புச் சத்தம் நின்றிருந்தது.

“ரெண்டு ராத்திரி ஒரு பகல், ரயில்ல உங்களுக்கு அப்பா இருந்தார். உங்க அண்ணனுக்கு?”

அம்மாள் சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பலகையில் ‘ஃபாதர்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. சார் அதை அழிக்கவில்லை. நானும் அழிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். வகுப்பு முடிந்ததும் சாரிடம் போனார். இந்தத் தடவை என் பஸ் போய்விடும் போலிருந்தது. இருந்தாலும் உட்கார்ந்திருந்தேன்.

“கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன் சார்.”

“சந்தோஷம்மா.”

“பந்தி முடிஞ்சு கொல்லைப்பக்கம் அண்ணன் தனியா இருந்தார். கேட்டுட்டேன். நான் தாங்கமாட்டேன்னுதானே அண்ணே நீ அப்படித் தந்தி குடுத்தே, அப்படின்னு.”

“என்ன சொன்னார்?”

“இல்லம்மா, அந்த அளவுக்கெல்லாம் எனக்கு யோசனை ஓடலன்னார்.”

சார் நிமிர்ந்து பார்த்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று எனக்குப் பட்டது.

“தந்தி ஆபீஸ்ல மூணு ஃபாரம் கிழிச்சாராம். அப்பான்னு எழுதிட்டு, அடுத்த வார்த்தைக்குக் கை ஓடலையாம். கவுன்டர்ல இருந்தவர், என்ன சார் விஷயம்னு கேட்டிருக்கார். அப்பாவுக்கு சீரியஸ்னு வாயில வந்துடுச்சாம். அந்த கவுன்டர்காரரே எழுதி அனுப்பிட்டாராம்.” அம்மாள் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “வெளியில வந்து வீட்டைப் பார்க்க அண்ணன் வேகமா நடந்தாராம் சார். அப்பாவுக்கு உடம்பு முடியல, சீக்கிரம் போகணும்னு. கடைத்தெரு பாதி வந்தப்புறம்தான், எதுக்கு இப்படி ஓடுறோம்னு தோணுச்சாம். அங்கேயே ஒரு ஜவுளிக்கடைப் படியில உட்கார்ந்துட்டாராம்.”

அம்மாள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பதினோரு வருஷமா இதை அவர் யார்கிட்டயும் சொல்லல. நானும் கேட்கல.”

அம்மாள் நீள நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். இடப்பக்கத்தில் ஒரு வரி காலியாக இருந்தது.

“கேட்கிறவங்க மனசு நோகாம சொல்றதுன்னுதான் புத்தகத்துல போட்டிருக்கு. இது அப்படி இல்லையே சார். சொன்னவர் தனக்கே சொல்லிக்கிட்டது. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?”

பெர்க்மான்ஸ் சார் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பக்கத்தைத் தேடப்போகிறார் என்று நினைத்தேன். அதை மூடி மேசைமேல் வைத்தார்.

“பரீட்சையில கேட்டா, யூஃபமிசம்னு எழுதுங்கம்மா” என்றார். “பரீட்சையில கேட்டா மட்டும்.”