முதலில் பார்த்தது யார்?

"நான் செஞ்ச தப்பை நானே ஊரறிய எழுதலாமா, கூடாதா?" என்று நாகலிங்கம் கேட்டார்.

தாஹிரா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் மதுரையில் கணினிப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பவள். நாகலிங்கம் நிரல் எழுதுவதைப் பற்றித் தமிழில் வலைப்பூ நடத்துகிறவர். அவளைவிட வயதில் நிறைய மூத்தவர். அவளுடைய மாணவர்.

"என்ன தப்பு?"

"ரத்தம் குடுக்கறவங்களுக்காக ஒரு இணையதளம் செஞ்சேன். அதோட இணைய முகவரியில கடைசி எண்ணை மாத்தினா அடுத்தவங்க பேரு, போன் நம்பர் எல்லாம் வந்து நின்னுச்சு. இப்ப அடைச்சாச்சு. எழுதினா நாலு பேர் இதே தப்பைச் செய்யாம இருப்பாங்க."

"அப்ப எழுதுங்க."

"எழுதிட்டேன். வெளியிடத்தான் யோசனை. சிரிப்பாங்களோன்னு இருக்கு."

"படிங்க."

அவர் மடிக்கணினியைத் திறந்து படித்தார். நன்றாகவே எழுதியிருந்தார். தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் இடங்கள்கூட இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பழைய நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓட்டை கண்ணில் பட்டதாகத் தொடங்கியிருந்தார்.

தாஹிரா சிரிக்கவில்லை.

"சும்மா புரட்டினீங்களா?"

"ஆமா."

"பழைய நிரலை யாரும் சும்மா புரட்டறதில்ல சார்."

நாகலிங்கத்துக்குச் சுருக்கென்றது. இந்தப் பாதுகாப்புக்காரர்களுக்கே மற்றவர்கள் வெளிப்படையாகப் பேசினால் பிடிக்காதோ? ஓட்டைகள் ரகசியமாக இருக்கிற வரைதானே இவர்களுக்கு மரியாதை?

"என்னை நம்பலையா மேடம்?"

"யாரையும் நம்பாம இருக்கறதுதான் என் வேலை."

"தப்பை ஒத்துக்கறவனையுமா?"

"ஓட்டையை முதல்ல பாத்தது யாரு?"

அவர் மடிக்கணினியைப் பாதி மூடினார். மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒரு அம்மா மெயில் போட்டிருந்தாங்க. ஜெயக்கொடின்னு பேரு. திருமங்கலம். கண்டவனெல்லாம் போன் பண்றான், என் நம்பரை யாருக்குக் குடுத்தீங்கன்னு கேட்டிருந்தாங்க. வீட்டுக்காரர் சந்தேகப்படறாராம்."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"எங்ககிட்டருந்து போகலைன்னு."

"தெரியாமயா?"

"போடும்போது தெரியாது." தலையைக் குனிந்துகொண்டு, "மறுநாள் தெரிஞ்சுது," என்றார்.

"தெரிஞ்சதும் அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"ஓட்டையை அடைச்சேன்."

"அதைக் கேக்கலை."



தாஹிரா தன் கைபேசியை எடுத்தாள்.

"அவங்க நம்பரைச் சொல்லுங்க."

"நான் பேசினா எப்படி மேடம்? அந்த வீட்டுல இன்னொரு ஆம்பளைக் குரல் கேட்டா வம்பாயிடும்."

"முதல்ல நான் பேசறேன்."

அவர் சொன்ன எண்ணை அவள் தட்டினாள். மணி அடித்தது. எடுத்தது ஓர் ஆண்.

"யாரு?"

"ஜெயக்கொடி இருக்காங்களா? நான் தாஹிரா, மதுரையிலருந்து பேசறேன்."

"நான் அவ வீட்டுக்காரன். இந்த போன் இப்ப என்கிட்டதான் இருக்கு. என்ன விஷயம்?"

"ரத்ததான இணையதளம் விஷயமா. அதைச் செஞ்சவர் பக்கத்துல இருக்கார். உங்ககிட்டயே பேசுவார்."

கைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்து நாகலிங்கத்தின் பக்கம் நகர்த்தினாள். அவர் அதன்மேல் குனிந்தார்.

"ஐயா, தப்பு என்னோடது. உங்க வீட்டம்மா நம்பர் என் இணையதளத்துலருந்துதான் வெளிய போச்சு. அவங்க யாருக்கும் குடுக்கலை."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அவ சொல்லிக்குடுத்துப் பேசறியா?"

"இல்லைங்க. அவங்களை நான் பாத்ததே இல்லை."

"பாக்காமத்தான் இப்ப வந்து பரிஞ்சு பேசறியாக்கும்."

நாகலிங்கம் தாஹிராவைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை.

"அவ அன்னைக்கே இதைத்தான் சொன்னா," என்றது குரல். "அந்த ரத்ததானத்துலருந்துதான் நம்பர் போயிருக்கும், வேணும்னா கேட்டுப் பாருன்னா. அவளே மெயில் போட்டா. பதிலும் வந்துச்சு. எங்ககிட்டருந்து போகலைன்னு."

"ஆமாங்க."

"அதைப் படிச்சிட்டுத்தான் நான் போனைப் பிடுங்குனேன்."

நாகலிங்கம் கண்களை மூடிக்கொண்டார். அந்தப் பதிலை அவர் ஒரு நிமிடத்தில் தட்டி அனுப்பியிருந்தார். அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

"இப்ப வந்து வேற மாதிரி சொல்றே. எதை நான் நம்பறது? அது எழுத்துல இருக்கு. இது வெறும் வாய்ப்பேச்சு."

"எழுதறேங்க."

"எங்க எழுதுவே? அவளுக்கு மட்டும் ஒரு மெயில் போடுவியா?"

"இல்லைங்க. எல்லாரும் பாக்கற இடத்துல. அவங்கதான் முதல்ல கண்டுபிடிச்சுக் கேட்டாங்க, நான் பொய்யான பதிலை அப்படியே விட்டுட்டேன்னு எழுதறேன்."

"பேரெல்லாம் போட்டா?"

நாகலிங்கம் மடிக்கணினியை முழுதாகத் திறந்தார்.

"என் பேரை மட்டும் போட்டு."