முதலில் பார்த்தவர்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வம்பு அங்கேதான் தொடங்கியது.

டாக்டர் குணசீலன் சங்கரன்கோவிலில் இருபது வருஷம் கிளினிக் நடத்தியவர். அவர் கை பட்டால் காய்ச்சல் இறங்கும் என்று ஊரில் பேச்சு. இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த வயதில் ஓர் ஆசை வந்து, திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசாவிடம் போய்ச் சேர்ந்தார். அவர் இவரை "டாக்டர்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை.

மேடத்தின் எக்கோ அறையில் ஒரு வழக்கம் உண்டு. திரையில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால், பார்க்கிறவர் கதவைத் திறந்து, "ஒரு கண்ணு குடுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். வராந்தாவில் போகிற டாக்டர் யாராக இருந்தாலும் வந்து பார்ப்பார்கள். மேடமே அடிக்கடி குரல் கொடுப்பார். குணசீலன் மட்டும் கொடுத்ததே இல்லை. கூப்பிட்டால் ஓடி வருகிறவர்கள் எல்லாம் அவர் மகள் வயதுப் பிள்ளைகள். அவர்களிடம் போய் "இது என்னம்மா?" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் இசக்கிமுத்து ஒருநாள் வந்தார். டிக்கெட் கிழிக்கும்போது வலது கை சற்று நேரம் மரத்துப்போனதாம், அப்புறம் தானே சரியாகிவிட்டதாம். குணசீலன் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வாசலில், வால்வின் ஓர் இதழில், மிளகளவுக்கு ஏதோ துடிதுடித்தது. கருவியைத் திருப்பினார், மறைந்தது. மறுபடியும் திருப்பினார், ஆடியது. கதவைப் பார்த்தார். வெளியே சின்னவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வயசானா வால்வு கொஞ்சம் தடிக்கும். பயப்பட ஒண்ணுமில்ல," என்று இசக்கிமுத்துவை அனுப்பிவைத்தார்.

அடுத்த வாரமே இசக்கிமுத்துவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தூக்க வரவில்லை. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி ஊர்ப்பேர் சொல்லும் மனுஷனுக்குப் பெண்டாட்டி பேரைச் சொல்ல நாக்கு திரும்பவில்லை.

மேடம் தொண்டை வழியாகக் குழாயை இறக்கி இதயத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தார். சின்னக் காம்பில் ஒரு கட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் கிருமியும் இல்லை. எனவே கிருமி சேர்ந்து வளர்ந்த சதை என்று சொல்ல வழியில்லை.

"கேன்சர் இல்ல, பரவாது," என்றார் மேடம். "ஆனா அது உட்கார்ந்திருக்கிற இடம் சரியில்ல. அதுலேர்ந்து ஒரு துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போயிருக்கு. இன்னொண்ணு போறதுக்குள்ள எடுத்துடணும்."

மூளை கொஞ்சம் ஆறட்டும் என்று ஆபரேஷனுக்குக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில்தான் இசக்கிமுத்துவின் மனைவி செல்லத்தாய் வார்டில் குணசீலனைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, அன்னிக்கு நீங்க பாத்தப்ப ஒண்ணும் இல்லையே. அதுக்குப் பொறவு மொளச்சதுதான இது?"

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அந்த அம்மாள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். குணசீலன் ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்துக் கட்டிலில் நாடி பார்த்துக்கொண்டிருந்த மேடம் ஒரு கணம் நிமிர்ந்துவிட்டு, மறுபடியும் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து குணசீலனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணில் படாமல் போயிருந்தால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பார்த்துவிட்டல்லவா விட்டார்! அதைக்கூட எப்படியோ விழுங்கிவிடலாம், அந்தத் தலையாட்டலை எப்படி விழுங்குவது? கண்ணாடி முன்னால் நின்று தலை வாரவே கூசியது. செல்லத்தாய் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். போனில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இசக்கிமுத்துவுக்கு நாலு வார்த்தை குழறலாக வரத் தொடங்கிய பிறகு ஆபரேஷன் நடந்தது. சர்ஜன் வால்வைச் சேதமில்லாமல் காப்பாற்றி, கட்டியை மட்டும் காம்போடு சீவி எடுத்துவிட்டார். வெளியே எடுத்ததும் அது துணியில் சளித்துளி மாதிரி சுருண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது குணசீலனுக்கு.

மேடம் அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் உப்புத் தண்ணீரில் போட்டார். அது மெல்ல விரிந்தது. இழை இழையாகப் பிரிந்து, பூ மாதிரி ஆடியது.

குணசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு ஆடினது இதுதான் மேடம்."

மேடம் குப்பியை மூடினார்.

"பார்த்தேன். பார்த்துட்டு யாரையும் கூப்பிடாம விட்டேன்," என்றார் குணசீலன். "கூப்பிட்டா என்ன நினைப்பாங்களோன்னு வெட்கமா இருந்துச்சு. இப்ப இருக்கிறதுக்கு அந்த வெட்கம் எவ்வளவோ தேவலை."

"ம்."

"அந்தம்மா கேட்டதுக்குத் தலையாட்டி வேற தொலைச்சேன்."

"பார்த்தேன்."

குணசீலன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, பல நாளாக நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"கட்டியை எடுத்தாச்சு. வால்வு நல்லா இருக்கு. பேச்சும் வந்துடும். இனிமே உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது மேடம்? அவங்க மனசுதான் கெடும்."

மேடம் குப்பியைக் கையில் எடுத்தார். "லேபுக்கு அனுப்பறதுக்கு முன்னால அந்தம்மா ஒரு தடவை பார்த்துடட்டும். வாங்க, டாக்டர்," என்று குப்பியோடு எழுந்து நடந்தார். குணசீலன் பின்னாலேயே போனார். கால்தான் போயிற்று, மனசு வரவில்லை.

ஐசியூ வாசலில் செல்லத்தாய் இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்தனூண்டா எங்க வீட்டு ஆளச் சாச்சுப்போட்டுது? இது எப்பம்மா மொளச்சிருக்கும்?"

மேடம் ஓரடி தள்ளி, குணசீலனுக்கு வழிவிட்டு நின்றார்.

"இதை முதல்ல பார்த்தவர் டாக்டர்தான். அவர்கிட்டயே கேளுங்க."

செல்லத்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. குப்பியை மேடத்திடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"நீங்களாய்யா மொதல்ல பாத்தீய? ஒரு வார்த்த சொல்லலியே! நீங்க மகராசனா இருக்கணும்."

குணசீலன் மேடத்தைப் பார்த்தார். மேடம் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை இறக்குங்கம்மா," என்றார் குணசீலன். "இது அன்னிக்கே இருந்துச்சு. அன்னிக்கே நான் பார்த்தேன்."

கும்பிட்ட கை இறங்க நேரமாயிற்று.